சேறு சும்மா கிடக்கவில்லை



கழிமுகத்துச் சேற்றுத் திடலில் அலையாத்திக் கன்று நட, நம் பழைய மாணவர் குழுவில் பணம் திரட்டுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் "சும்மா கிடக்கிற இடம்" என்று அதில் எழுதியிருந்தது எனக்குச் சுருக்கென்றது. பிச்சாவரம் சுற்றுலாவில் "அது வெறும் சேறு, மரத்தைப் பாருங்க" என்று படகில் சொன்னவளே நான்தானே! தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

தண்ணீர் வற்றிய நேரத்தில் அந்தச் சேற்றோரம் ஐந்து நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். ஒரு கை மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் வளையிலிருந்து வரும். புத்தகத்தில் 'ஃபிட்லர் நண்டு' என்று போட்டிருக்கும். பெரிய கை ஆணுக்கு மட்டும்தான். சேற்றை அள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள நுண்பாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருண்டையாகப் போட்டுவிடும். வெயில் படும் சேற்றில்தான் அந்தப் பாசி நன்றாக வளரும்.

மரநிழலுக்குள் போனால் வேறு நண்டுகள். உதிர்ந்த இலையை வளைக்குள் இழுத்துப்போய்த் தின்பவை. அந்த வளைகள் வழியாகத்தான் மண்ணுக்குள் காற்றும் நீரும் போகின்றன. வேருக்கு அது உதவி. நாம் குழம்பு வைக்கும் பெரிய சேற்று நண்டு ஓடைக் கரையில் வளை தோண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தெரு.

வெறும் சேற்றில் கன்று நட்டால் என்ன ஆகும்? தாழ்வான இடமென்றால் அதிக நேரம் தண்ணீரில் மூழ்கிப் பெரும்பாலும் செத்துப்போகும். பிழைத்து நிழல் விழுந்தாலோ, வெயிலை நம்பிய நண்டுக்கும் அதைத் தின்ன வரும் உள்ளான்களுக்கும் இடம் போய்விடும்.

பிச்சாவரத்தில் காடு அழிந்த பகுதிகளில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து, கன்று நட்டார்கள். காடு திரும்பியது. அது முன்பே காடாக இருந்த இடம். 2022-இல் பிச்சாவரம் சேர்ந்த ராம்சர் பட்டியலும் ஈரநிலங்களுக்கானதுதான், மரத்துக்கு மட்டுமல்ல.

ஆகவே பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே முன்பு அலையாத்தி இருந்ததா? தண்ணீர் தடையில்லாமல் வந்துபோகிறதா? அந்தக் கரையில் வலை வீசும் பெரியவர்களுக்குப் பதில் தெரியும்.

நான் 1,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். அடைபட்ட வாய்க்காலைத் தூர்வார என்றால் இன்றே தருவேன். நண்டின் வீட்டில் மரம் நட என்றால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்