வாழ்க்கைக்கு ஒரு கோச்சு வேண்டுமா?

ஓசூர் சிப்காட் பக்கத்து ஆலையொன்றில் ஒன்பது வருஷமாக வேலை செய்துவரும் ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அவருக்கு வயது 31. ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கப்பட்டவர், இன்னமும் நிரந்தரமாக்கப்படவில்லை. மாதச் சம்பளம் 19,000 ரூபாய். சென்ற மாதம் ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்த இலவசக் கூட்டத்திற்குப் போனாராம். அங்கே "லைஃப் கோச்சு" என்று சொல்லிக்கொண்ட ஒருவர், 12 சந்திப்புகளில் வாழ்க்கையையே மாற்றிக் காட்டுவதாகவும், அதற்கு 45,000 ரூபாய் என்றும், அன்றிரவுக்குள் முன்பணம் கட்டுவோருக்குச் சலுகை உண்டு என்றும் சொன்னாராம். "கட்டலாமா, கூடாதா?" என்று தோழர் நம்மைக் கேட்கின்றார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி என்று நாம் கருதவில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பலர் இதே யோசனையில் இருக்கிறார்களாதலால் பத்திரிகை மூலமாகவே பதில் எழுதத் துணிந்தோம்.

முதலில் இந்தத் தொழில் இன்னதென்று விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கிக்கொள்ளாமல் ஒன்றை வைவதும், விளங்கிக்கொள்ளாமல் ஒன்றைக் கும்பிடுவதும் ஒரே ஜாதி முட்டாள்தனமே ஆகும். ஹங்கேரி தேசத்தில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப்பெயரே பெயராயிற்று. நம் பாட்டன்மார் "கோச்சு வண்டி" என்று சொன்னதும் அதைத்தான். 1830-ஐ ஒட்டி ஆக்ஸ்போர்டு மாணாக்கர்கள், பரீட்சையில் கரையேற்றிவிடும் ஆசிரியரை வேடிக்கையாகக் "கோச்சு" என்றார்கள். பிறகு அது பந்து விளையாட்டுக்காரரைப் பழக்குகிறவருக்கு ஆயிற்று. 1990-களில் அமெரிக்காவில், வாழ்க்கைக்கே கோச்சு என்று ஒரு தொழில் கிளம்பிற்று.

யோக்கியமான கோச்சு செய்வது என்ன? அவர் புத்தி சொல்லுவதில்லை, கேள்வி கேட்கிறார். "உனக்கு வேண்டியது என்ன? தடை எது? இந்த வாரம் எதைச் செய்வாய்?" என்று கேட்டு, அடுத்த வாரம் "செய்தாயா?" என்று திரும்பவும் கேட்கிறார். வண்டியில் ஏறினவன்தான் போகும் ஊரைச் சொல்லவேண்டுமேயொழிய, வண்டிக்காரன் சொல்லக்கூடாது. இதுதான் இத்தொழிலின் சாரம். இதனால் பயனில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உத்தியோக இடங்களில் கோச்சு வைத்து நடந்த பல ஆராய்ச்சிகளை ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலையார் சிலர் 2014-ல் திரட்டிப் பார்த்ததில், வேலைத்திறன், மனநலம், குறிவைத்து நடக்கும் பழக்கம் இவைகளில் நன்மை உண்டு என்றே கண்டார்கள். தொழிலாளியாயிருந்து புதிதாக சூப்பர்வைசரானவர், நேற்றுவரை கூட இருந்தவர்களிடம் வேலை வாங்கத் தெரியாமல் திண்டாடினால், ஒரு நல்ல கோச்சு உதவக்கூடும்.

நிற்க, இத்தொழிலுக்குச் சட்டக் காவல் உண்டா? டாக்டராக வேண்டுமானால் மருத்துவக் கவுன்சிலிலும், வக்கீலாக வேண்டுமானால் பார் கவுன்சிலிலும் பதிவு செய்யவேண்டும். வாழ்க்கைக் கோச்சுக்கோ இந்நாட்டில் அப்படி ஒரு பதிவுச் சட்டம் இல்லை. நேற்று சாயங்காலம் வரை வேறு தொழில் செய்தவர் இன்று காலையில் பலகை மாட்டிக்கொள்ளலாம். 1995-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட சர்வதேச கோச்சுகள் சங்கம் மூன்று படிகளாகச் சான்றிதழ் தருகின்றது. பாடம் படித்ததோடு, முதற் படிக்கு 100 மணி நேரமும், இரண்டாவதற்கு 500 மணி நேரமும், மூன்றாவதற்கு 2,500 மணி நேரமும் பழக்கிய அனுபவம் வேண்டும். ஆனால் அது ஒரு தனிச் சங்கத்தின் சான்றிதழே தவிர, சர்க்கார் லைசென்ஸ் அல்ல. இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவருக்கும் இதற்கும் வித்தியாசம் அறியவேண்டும்.

இனி, நமது முக்கியமான ஆக்ஷேபணைக்கு வருவோம். "உன் கஷ்டத்துக்கெல்லாம் உன் மனப்பான்மையே காரணம், மனத்தை மாற்றினால் பணம் தானே வரும்" என்று இக்கூட்டங்களில் சொல்லப்படுகின்றதாம். இதைக் கேட்கும்போது நமக்குப் பழைய ஞாபகம் வருகின்றது. முன்பு ஒருவன் பட்டினி கிடந்தால், "அது உன் தலையெழுத்து, முன் ஜென்ம வினை" என்றார்கள். ஜாதகம் பார்த்தார்கள், பரிகாரம் சொன்னார்கள், தட்சணை வாங்கினார்கள். பலிக்காவிட்டால் "உனக்குப் பக்தி போதாது" என்றார்கள். இன்று தலையெழுத்து போய் மனப்பான்மை வந்திருக்கின்றது. பரிகாரம் போய்ப் பயிற்சி வந்திருக்கின்றது. பலிக்காவிட்டால் "உனக்கு ஈடுபாடு போதாது" என்கிறார்கள். குற்றம் அன்றும் ஏழை தலையில்தான், இன்றும் ஏழை தலையில்தான்.

இவ்வெல்லைப் பிரதேசத்தின் நிலைமையைப் பாருங்கள். 1971-ல் சிப்காட் ஏற்பட்டு, ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்து, லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் இங்கே செய்யப்படலாயின. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. ஆலைகள் பெருகியும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை நிச்சயமில்லாமலே இருக்கின்றது. விடியுமுன் எழுந்து, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று பெங்களூருக்குப் போய், இரவு வீடு திரும்புகிறவனுக்குக் களைப்பு வருவது மனப்பான்மையினாலா, வழியிலே கழியும் மணிகளினாலா? ஒன்பது வருஷம் உழைத்தும் நிரந்தரமாகாதவன் மனத்தை மாற்றிக்கொண்டால், ஒப்பந்தக்காரர் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வாரா? ஒருவனால் மாற்றக்கூடிய கஷ்டம் வேறு, பலர் சேர்ந்து மாற்றவேண்டிய கஷ்டம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டாத கோச்சு ஒருநாளும் யோக்கியமான கோச்சு ஆகமாட்டார்.

ஆகவே, பணம் கட்டுமுன் அவரிடம் தாராளமாய்க் கேளுங்கள். முதலாவது, எங்கே கற்றீர், எத்தனை மணி நேர அனுபவம், உம்மிடம் பழகிய இரண்டு பேரோடு நான் பேசலாமா? இரண்டாவது, இத்தனை சந்திப்பு முடிந்ததும் எதைக்கொண்டு பலன் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வது? மூன்றாவது, சந்திப்புக்குச் சந்திப்பு பணம் கொடுக்கலாமா, நடுவில் நின்றால் மீதி திரும்புமா, இவைகளை எழுத்தில் தருவீரா? நான்காவது, நான் சொல்லும் குடும்ப விஷயங்கள் வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி? ஐந்தாவது, உம்மால் ஆகாத காரியமானால் தக்கவரிடம் அனுப்புவீரா? கேள்விக்குக் கோபிக்கிறவரையும், இன்றிரவே கட்டு என்று அவசரப்படுத்துகிறவரையும், லட்சாதிபதியாக்குவேன் என்கிறவரையும், ஆள் பிடித்துவந்தால் கமிஷன் என்கிறவரையும் விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தூக்கமின்மை, ஓயாத துக்கம், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இவைகளுக்குக் கோச்சு மருந்தல்ல; டாக்டரிடம் போகவேண்டும். 2022-ல் சர்க்கார் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் கிடைக்கும். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி வைக்கவேண்டாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஜில்லா ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கோர்ட்டுக் கட்டணமே இல்லை. 1915 என்ற எண்ணில் யோசனையும் கேட்கலாம்.

கடைசியாக, நமது தோழருக்கு. 45,000 ரூபாய் என்பது உமது இரண்டேகால் மாதச் சம்பளத்துக்கும் மேல். உமது குறை நிரந்தரமாகாததானால், கூட வேலை செய்யும் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு சங்கத்துக்கும் தொழிலாளர் துறை ஆபீசுக்கும் போவதே வழி. வேறு தொழில் கற்க விருப்பமானால், கிருஷ்ணகிரியிலுள்ள ஜில்லா வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் காசில்லாமல் யோசனை சொல்லுவார்கள். இவ்வளவும் செய்தபிறகு, இன்டர்வியூவில் வாய் திறக்கப் பயம் என்பதுபோல் உம்முடையதேயான ஒரு குறை மிஞ்சுமானால், உமது பாஷையிலேயே பேசக்கூடிய ஒரு கோச்சைப் பிடித்து, சந்திப்புக்குச் சந்திப்பு பணம் கொடுத்து, இரண்டு மூன்று தடவை பார்த்துத் தீர்மானியும். இப்போது 45,000 கட்டுவது கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உமது சம்பளச் சீட்டையும் அவர்கள் நோட்டீசையும் எதிரே வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ளவர்களோடும் கலந்து யோசித்து, உமது புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யும். என்ன செய்தீர் என்பதை நமக்கு எழுதினால், அதையும் வெளியிடுவோம். மற்றத் தோழர்களுக்கு அது பயன்படும்.