ஆலை கை மாறினால் ஆள் என்ன ஆவான்?

தூத்துக்குடி கோரல் மில்லை 1888-ல் ஹார்வி துரைமார் துவக்கினார்கள். பிறகு மதுரை மில்ஸ் என்றார்கள். 1974-ல் கோட்ஸ் கம்பெனியோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. பலகைதான் மாறியது, பஞ்சை நூலாக்கியது தொழிலாளியின் கைதான்.

இன்று கம்பெனிகள் கை மாறுகையில் ஒரு தாளை நீட்டுகிறார்கள்: "ராஜினாமா எழுதிக் கொடு, புது முதலாளியிடம் புதிதாகச் சேர்ந்துகொள்." இதில்தான் சூது! கையெழுத்துப் போட்டால் இருபது வருஷ சர்வீஸ் போச்சு.

சட்டம் வேறு சொல்கிறது. 1957-ல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த விதி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் உண்டு. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் ஈடு. கொடுக்க மனமில்லையா? பழைய சர்வீஸ் அறாமல், சம்பளம் குறையாமல் புது முதலாளி வைத்துக்கொள்ளட்டும். (300 பேருக்குக் குறைந்த ஆலையில் சர்க்கார் அனுமதியின்றியே ஆட்குறைப்பு செய்யலாம் என்று அதே தொகுப்பு முதலாளிக்குக் கதவு திறந்திருப்பதையும் மறக்க வேண்டாம்.)

"வயலை விற்றபோது எங்களுக்கு யார் ஈடு கொடுத்தார்?" என்று விவசாயத் தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்வி. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோதும் சட்டம் துணைக்கு இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கம்பெனியின் ஆட்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள். மார்ச்சில் கம்பெனி கூலியை உயர்த்தியது.

தாளை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்து வேண்டாம். சம்பளச் சீட்டோடு அன்று மாலையே சங்க ஆபீசுக்கு வாருங்கள்.