போட்டோவில் இல்லாதவரையும் அழையுங்கள்

பழைய மாணவர்கள் ஒன்றுகூடும் விழா இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது.

பள்ளிக்கூடத்தை விட்டு 25 ஆண்டு ஆனால் வெள்ளி விழா. 50 ஆண்டு ஆனால் பொன் விழா. ஆளுக்கு ஆள் டெலிபோனில் பேசிக்கொள்கிறார்கள். தேதி குறிக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாகப் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்குகிறார்கள்.

நல்ல காரியம். மிக நல்ல காரியம்.

அறுபது வயதைத் தாண்டியவரை வீட்டில் "அப்பா" என்பார்கள். "தாத்தா" என்பார்கள். வெளியே போனால் "சார்", "ஐயா". "டேய்" என்று கூப்பிட்ட தாயும் தந்தையும் போய்விட்டார்கள். இனி அப்படிக் கூப்பிட மிச்சம் இருப்பவர்கள் கூடப் படித்தவர்கள்தான். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக மும்பையில் இருந்தும் ரெயில் ஏறி வரலாம்.

வந்தவர்கள் இருக்கட்டும். வராதவர்கள் யார்?

விழாவுக்கு ஆள் தேடுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ஒரு போட்டோ. கடைசி வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ. நடுவில் நாற்காலியில் தலைமை ஆசிரியர். இரண்டு பக்கமும் ஆசிரியர்கள். பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் பையன்கள். இந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இவன் எங்கே? அவன் எங்கே?" என்று தேடுகிறார்கள்.

கடைசி வகுப்பு வரை வந்தவர்கள்தான் அந்தப் போட்டோவில் இருப்பார்கள். ஆறாம் வகுப்பில் அவர்களோடு சேர்ந்த எல்லாரும் அதில் இல்லை.

எட்டாம் வகுப்பில் தகப்பனை இழந்து, தறிக்குப் போனவன் அதில் இல்லை. ஆடு மேய்க்க ஆள் இல்லை என்று நிறுத்தப்பட்டவன் இல்லை. பெரியவள் ஆனதும் வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண் இல்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். ஒரே மாங்காயைக் கடித்துத் தின்றவர்கள்தான். ஆனால் போட்டோவில் இல்லை. ஆகவே அழைப்பும் இல்லை.

இன்று பொன் விழாக் கொண்டாடுகிறவர்கள் படித்து முடித்தது 1970-களில். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோரு வகுப்பு. 1978-ல்தான் அந்த முறை மாறி, பிளஸ்-2 வந்தது.

காமராஜர் 1954 முதல் 1963 வரை முதல்-அமைச்சராக இருந்தார். ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தார். 1956-ல் மதிய உணவு கொடுத்தார். அந்த வழியில்தான் எழுத்து வாசனையே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் கரை ஏறவில்லை. ஆண்டுப் பரீட்சையில் தவறினால் மறுபடியும் அதே வகுப்பு. இரண்டு தடவை தவறினால், "படித்தது போதும்" என்று அப்பா சொல்லிவிடுவார்.

(ஒரே வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்தவருக்கு இரண்டு செட் நண்பர்கள் உண்டு. இரண்டு விழாவுக்கும் அவரை அழைக்க வேண்டும். நடப்பது என்ன? "அவன் அந்த செட்" என்று இவர்கள் விட்டுவிடுகிறார்கள். "அவன் இந்த செட்" என்று அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.)

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிவு அந்தக் காலத்தில் பத்திரிகையில்தான் வரும். பத்திரிகைக் கட்டு வந்து இறங்குவதற்கு முன்பே கடைத்தெருவில் பையன்கள் கூடி நிற்பார்கள். நம்பர் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் பெயில். பக்கத்தில் நின்ற நண்பனின் நம்பர் இருக்கும். தன் நம்பர் இருக்காது.

எத்தனையோ நட்பு அந்தக் காலைப் பொழுதோடு முடிந்தது. சண்டை எதுவும் இல்லை. வெட்கம்! ஒருவன் கல்லூரிக்குப் போனான். இன்னொருவன் வயலுக்குப் போனான். நண்பன் லீவில் வந்தபோது, எதிரே வராமல் வேறு தெரு வழியாகப் போனான். அந்த வெட்கம் 50 ஆண்டு ஆகியும் அவனை விடவில்லை.

அவரை அழையுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். மற்ற எல்லாரையும்விட முதலில் அவரை அழையுங்கள்.

பெயர் கிடைக்குமா என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. எந்த ஆண்டு யார் சேர்ந்தார்கள், தகப்பனார் பெயர் என்ன என்று அதில் எழுதி இருக்கும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். போட்டோவை வைத்து ஆள் தேடாதீர்கள். பதிவேட்டை வைத்துத் தேடுங்கள்.

பெண்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். ஊர் மாறி இருக்கும். அப்பாவின் இனிஷியல் போய், கணவரின் இனிஷியல் வந்து இருக்கும். அண்ணன், தம்பி வீட்டில் கேட்டால்தான் தெரியும். அழைக்கும்போது அவர் கணவரையும் சேர்த்து அழையுங்கள். மருமகளிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் வெளியே வருவதே சில அம்மாக்களுக்குப் பெரிய காரியம். கூடப் படித்த பெண் ஒருவர் வீட்டுக்குப் போய் அழைத்தால், கட்டாயம் வருவார்.

அடுத்தது பணம்.

கலியாண மண்டபம், பிரியாணி, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், தலைக்கு 2 ஆயிரம் ரூபாய் என்று சிலர் வசூலிக்கிறார்கள். கொத்தனார் வேலைக்குப் போகிறவர் இதைக் கேட்டதும் என்ன செய்வார்? "அன்றைக்கு ஒரு கலியாணம் இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். கலியாணம் எதுவும் இருக்காது. பணம் இருக்காது, அவ்வளவுதான். நாள் கூலியையும் இழந்து, பஸ்சுக்கும் கொடுத்து, அதற்கு மேல் 2 ஆயிரமா?

விழாவைப் பள்ளிக்கூடத்திலேயே வையுங்கள். தாழ்வாரத்தில் இலை போட்டு, சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பரிமாறினால் போதும். முடிந்தவர்கள் முடிந்ததைப் போட ஒரு உண்டியல் வையுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று மைக்கில் வாசிக்க வேண்டாம்.

மைக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டப் பெயர், வாத்தியாரிடம் வாங்கிய அடி, கிழிந்த கால்சட்டை, இவை எல்லாம் இரண்டு பேர் தோளில் கை போட்டுப் பேசும்போது வேடிக்கை. பேரன் பேத்திக்கு முன்னால், மேடையில் சொன்னால் வேடிக்கை அல்ல. அதேபோல், "நான் அமெரிக்காவில் வீடு வாங்கினேன்" என்ற கதையும் மேடைக்கு வேண்டாம். மேடையில் இறந்துபோன நண்பர்களின் பெயர்களை வாசியுங்கள். இருக்கும் ஆசிரியருக்கு ஒரு மாலை போடுங்கள். அது போதும். சீட்டுப் பிடிக்கிறவர்களும் இன்சூரன்சு ஏஜெண்டுகளும் அன்று ஒரு நாள் லீவு போட்டால் நல்லது!

கடைசியாக, அழைக்கும் முறை. செல்போனில் செய்தி அனுப்பினால் இவர் வரமாட்டார். "நமக்கு எதற்கு?" என்று இருந்துவிடுவார். இரண்டு பேராக நேரில் போங்கள். பகலில் போனால் வேலைக்குப் போயிருப்பார். இருட்டிய பிறகு போங்கள். அவர் தயங்குவார். "எனக்கு அங்கே என்ன வேலை? நான் பெயில் ஆனவன்" என்பார். பதில் சொல்லாதீர்கள். திண்ணையில் உட்காருங்கள். வீட்டில் கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள். "ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி கொண்டு வருகிறேன், தயாராக இருடா" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.