உழவர் உதவி உழுபவரைச் சேர வேண்டும்

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளின் வழியாகவும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் வழியாகவும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நன்செய்க்கு நீர் தருகிறது. இந்தப் பாசனப் பரப்பில் நிலத்தின் உடைமையாளர் ஒருவராகவும், அதில் நாற்று நட்டு, உரமிட்டு, அறுவடை செய்பவர் மற்றொருவராகவும் இருப்பது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். ஆனால் மத்திய, மாநில அரசுகள் உழவருக்கென ஒதுக்கும் உதவித்தொகை, மானியம், காப்பீடு, நிவாரணம் ஆகியவற்றில் பெரும்பகுதி நில ஆவணத்தில் உள்ள பெயரைத் தேடிச் செல்கிறதேயன்றி, வயலில் நிற்பவரைத் தேடிச் செல்வதில்லை. இந்த முறை அநீதியானது. அதை மாற்றுவதற்குத் தேவையான கருவிகள் அரசின் கையிலேயே இருப்பதால், மாற்றாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் எதுவும் ஏற்கத்தக்கதன்று.

ஒருவர் அரசின் கண்ணுக்கு உழவராகத் தெரிய மூன்று தாள்கள் தேவைப்படுகின்றன. நிலம் இன்னாருடையது என்று வருவாய்த் துறை அளிக்கும் ஆவணம் பட்டா. அந்த உரிமையாளரின் பெயரில் ஒரு கிராமத்தில் உள்ள நிலங்களின் பரப்பையும் நன்செய், புன்செய் என்ற வகையையும் காட்டும் பதிவேட்டின் நகல் சிட்டா. ஒவ்வொரு புல எண்ணிலும் ஒரு பசலி ஆண்டில், அதாவது ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்க் கணக்காண்டில், எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் விளைந்தது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் கணக்கு அடங்கல். முதல் இரண்டும் உடைமைக்குச் சான்று; மூன்றாவது மட்டுமே சாகுபடிக்குச் சான்று. ஆயினும் அடங்கல் நகல் கேட்டுச் செல்பவரிடம் சிட்டாவைக் கேட்பதும், சிட்டாவில் உள்ள பெயரையே அடங்கலிலும் ஏற்றுவதும் நடைமுறையாகிவிட்டதால், உழுபவரின் பெயருக்கென்று இருந்த ஒரே இடமும் உடைமையாளரின் பெயரால் நிரம்பிவிடுகிறது.

இதன் விளைவு இரண்டு வகையாக வெளிப்படுகிறது. விதியே குத்தகைதாரரை வெளியே நிறுத்தும் திட்டங்கள் ஒரு வகை. அவற்றுள் முதன்மையானது, ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் செலுத்தும் பி.எம். கிசான் திட்டம். 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இத்திட்டம் நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. 2019 பிப்ரவரி 1 அன்று நில ஆவணத்தில் பெயர் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதற்குப் பின் வாரிசுரிமையால் நிலம் பெற்றவர்களுக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு. பிறர் நிலத்தை முப்பது ஆண்டுகளாகக் குத்தகைக்கு உழுது வருபவர் இத்திட்டத்தின்படி உழவர் அல்லர். 2025ஆம் ஆண்டில் தமிழகக் கிராமங்களில் முகாம்கள் நடத்தி வழங்கப்பட்ட உழவர் தனித்துவ அடையாள எண்ணும் நில ஆவணத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், இதுவரை தாளில் இருந்த விலக்கம் இனிக் கணினியிலும் நிலைபெறும் அபாயம் உள்ளது.

விதி கதவைத் திறந்து வைத்திருந்தும் தாள் கதவை அடைத்துவிடும் திட்டங்கள் மற்றொரு வகை. 2016இல் நடைமுறைக்கு வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று தெளிவாகவே கூறுகிறது. வாரம் என்பது விளைச்சலை உடைமையாளரும் உழுபவரும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. காப்பீட்டுத் தொகையில் முதல் பருவ நெல்லுக்கு 2 விழுக்காடும், பின் பருவத்துக்கு 1.5 விழுக்காடும் உழவர் செலுத்தினால் போதும் என்பது நல்ல சலுகைதான். ஆனால் அதைப் பெற அடங்கல் வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அரசு விலைக்கு நெல்லைப் போடவும் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். அது கிடைக்காதவர் உடைமையாளரின் பெயரிலேயே நெல்லைப் போட்டுவிட்டுப் பணம் அவருடைய கணக்கிலிருந்து தம் கைக்கு வரக் காத்திருக்க வேண்டும். இல்லையெனில் களத்து மேட்டிலேயே வியாபாரி சொல்லும் விலைக்கு அளந்துவிட வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு விழுக்காடு மானியம் பெறத் தேவையான சிறு, குறு விவசாயி சான்றும் சொந்த நிலத்தின் அளவைப் பார்த்தே வழங்கப்படுகிறது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, அடங்கல் இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தின் படியேற முடியாமல் தனியாரிடம் வட்டிக்கு வாங்கி நட்டவர்களுக்குத் தள்ளுபடி செய்யக் கடனே இருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் குறை 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையில் முழுமையாக வெளிப்பட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் பெருகியது, கரைகள் உடைந்து, பிசானம் எனப்படும் இரண்டாம் போகத்தின் நடவு முடிந்திருந்த வயல்கள் நீரில் மூழ்கின, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதி வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாயும், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாயும் என அரசு நிவாரணத்தை உயர்த்தி அறிவித்திருந்தது. ஓர் எக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஆகையால், நெல்லுக்கான தொகை ஏக்கருக்கு ஏழாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அந்தச் சிறு தொகையும் யாருடைய கணக்கில் ஏறுவது என்பதை முடிவு செய்வது கணக்கெடுப்பில் எழுதப்படும் பெயர். உழவுக் கூலி, விதை, உரம், நடவுச் செலவு ஆகிய அனைத்தையும் போட்டவர் குத்தகைதாரர்; அவருடைய பெயர் அடங்கலில் இல்லையென்றால், நட்டம் அவருடையதாகவும் நிவாரணம் மற்றவருடையதாகவும் முடிகிறது. மனச்சாட்சியுள்ள உடைமையாளர்கள் தொகையைக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் அரசின் நிவாரணம் தனியொருவரின் மனச்சாட்சியை நம்பி நிற்க வேண்டிய நிலை குடியரசுக்குப் பொருந்தாது.

இந்நிலை ஏற்பட்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தாமிரபரணிக் கரை நன்செய்யில் உடைமையும் உழைப்பும் நெடுங்காலமாகப் பிரிந்தே இருந்தன என்பதை, இப்பகுதியின் வேளாண் சமூகத்தைப் பற்றி 1985இல் வெளிவந்த டேவிட் லட்டனின் ஆய்வு நூல் விரிவாகக் காட்டுகிறது. உடைமைக் குடும்பங்களில் பல சென்னைக்கும் மும்பைக்கும் பெயர்ந்துவிட, உழவு உள்ளூர்க் குத்தகைதாரர்களிடமே தங்கியது. அவர்களைக் காக்கவே 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கான சட்டமும் இயற்றப்பட்டன. பதிவு பெற்ற குத்தகைதாரரைக் குத்தகை பாக்கி போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக அன்றி வெளியேற்ற முடியாது என்பது இச்சட்டங்களின் வலிமை. அந்த வலிமையே உடைமையாளரின் அச்சமாகவும் மாறியது. பதிவு செய்தால் நிலம் திரும்பாது என்று அஞ்சிய உடைமையாளர்கள் எழுத்தைத் தவிர்த்து வாய்மொழிக் குத்தகைக்கு மாறினர்; கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று அஞ்சிய குத்தகைதாரர்கள் பதிவைக் கேட்பதை விட்டனர். உழுபவரைக் காக்க வந்த சட்டம், பெரும்பாலானோரின் பெயர் ஏட்டில் ஏறாமலே போகக் காரணமான இந்த முரணை நேர்மையாக ஒப்புக்கொள்ளாத எந்தச் சீர்திருத்தமும் பலன் தராது.

ஆகவே அரசு செய்ய வேண்டியது, நிலவுரிமை வழக்கையும் உழவர் உதவியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது. ஒரு பசலிக்கு மட்டும் செல்லுபடியாகும் சாகுபடிச் சான்று ஒன்றைக் கிராம அளவில் வழங்கி, அச்சான்று குத்தகை உரிமை எதையும் உண்டாக்காது என்றும், ஏற்கனவே உள்ள உரிமை எதையும் குறைக்காது என்றும் அரசாணையிலேயே எழுதிவிட்டால், இரு தரப்பின் அச்சத்துக்கும் விடை கிடைக்கும். இது புதிய கற்பனையன்று. ஆந்திரப் பிரதேசம் 2019இல் இயற்றிய பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம், நிலத்தின் மீது எவ்வித உரிமையும் தராமல், பயிர்க்கடன், காப்பீடு போன்றவற்றுக்குப் பயன்படும் பதினொரு மாத அட்டையை அறிமுகப்படுத்தியது. அங்கும் உடைமையாளரின் ஒப்புதல் கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டதே தடையாயிற்று என்பது தமிழகத்துக்குப் பாடம். கையொப்பத்துக்குப் பதிலாக அக்கம்பக்கத்து உழவர்களின் சாட்சியமும் வயலாய்வும் போதுமென்று வைக்க வேண்டும். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கும் 12,500 ரூபாய் வாழ்வாதார உதவி என அறிவித்ததையும் இங்கே நினைவுகூரலாம்.

ஆவண நிபந்தனையைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்ற வாதம் அதிகாரிகளிடமிருந்து எழுவது இயல்பு. ஆனால் 2020 ஆகஸ்டில் தமிழகத்தில் வெளிப்பட்ட பி.எம். கிசான் மோசடியில், தகுதியற்ற ஐந்தரை லட்சம் பேர் வரை சேர்க்கப்பட்டு ஏறத்தாழ 110 கோடி ரூபாய் கைமாறியதும், நிலவுடைமையை நிபந்தனையாகக் கொண்ட திட்டத்தில்தான். கடவுச்சொல்லை வைத்திருந்தவர்கள் கணினியில் பெயர்களை ஏற்றினார்கள். வயலைச் சென்று பார்த்துச் சரிபார்க்கப்படவில்லை. இன்னாருடைய வயலை இன்னார் நடுகிறார் என்பது கால்வாய் மடையில் முறைவைத்து நீர் பாய்ச்சும் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஊரறிவைச் சான்றாக்குவதே மோசடிக்கு எதிரான காவல்.

வெளியுலகில் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்வு கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டில் நீண்ட காலம் வழங்கப்பட்ட அடிப்படை உதவித்தொகை, குறிப்பிட்ட நாளில் நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்து பயிரிட்டவருக்கு, அவர் குத்தகைதாரரேயானாலும், உரியதாக இருந்தது. புதிய திட்டத்தில் பண்ணையின் பத்து விழுக்காட்டில் மரம் இருக்க வேண்டுமென்று முன்மொழியப்பட்டபோது, நில உரிமையாளரின் இசைவின்றிக் குத்தகைதாரர் மரம் நட முடியாதே என்ற எதிர்ப்பும் எழுந்தது. 2024இல் பெரும் போராட்டத்துக்குப் பின் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. உதவி வாங்குபவர் யார், அவரால் நிபந்தனையை நிறைவேற்ற முடியுமா என்ற கேள்விகள் அங்கே திட்டம் தொடங்கும் முன்பே கேட்கப்பட்டன. இங்கே அவை வெள்ளம் வடிந்த பிறகே கேட்கப்படுகின்றன.

தமிழக அரசுக்குத் தாமிரபரணிப் பகுதியின் குரல் கேட்காமலில்லை. 2021 முதல் காவிரிப் படுகைக்கு மட்டும் கிடைத்துவந்த குறுவைச் சிறப்புத் தொகுப்பைப் போன்ற உதவி, தாமிரபரணியின் கார் பருவத்துக்கும், அதாவது தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூனில் தொடங்கும் முதல் போகத்துக்கும் வேண்டும் என்று இங்குள்ள உழவர்கள் தொடர்ந்து கேட்டனர். 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் காவிரிப் படுகை அல்லாத மாவட்டங்களுக்கென 102 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. அந்த ஒதுக்கீட்டின் விதையும் மானியமும் நடுபவரின் கைக்கே போக வேண்டும்.

தொடக்கத்தைக் கோயில் நிலங்களிலிருந்தும் மடங்களின் நிலங்களிலிருந்தும் செய்யலாம். தமிழகக் கோயில்கள், மடங்களுக்கு உரிய 4.78 லட்சம் ஏக்கரில் ஒரு பகுதி இப்பள்ளத்தாக்கின் நன்செய். அவற்றின் பட்டா இறைவன் பெயரிலோ மடத்தின் பெயரிலோ இருப்பதால், உதவித்தொகை பெற உடைமைக் குடும்பம் என்று எவரும் அங்கே இல்லை. குத்தகைதாரரின் பெயர் மட்டும் குத்தகை வசூல் பேரேட்டில் உள்ளது. அறநிலையத் துறையும் வருவாய்த் துறையும் அந்தப் பேரேட்டை அடங்கலோடு ஒப்பிட்டால், முதல் சாகுபடிச் சான்றுகளை ஒரே பருவத்தில் வழங்கிவிடலாம். மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் பயிரின் பெயரோடு சாகுபடியாளர் பெயருக்கும் ஒரு பத்தி சேர்ப்பது, அதன்பின் தனியார் நிலங்களுக்கும் வழி திறக்கும். பி.எம். கிசான் விதியைத் திருத்துவது மத்திய அரசின் கடமை. அதை வலியுறுத்தித் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவரும் கட்சி வேறுபாடின்றிக் குரல் கொடுக்க வேண்டும். மாநில அரசு அதற்காகக் காத்திராமல், அடுத்த ஜமாபந்திக்கு, அதாவது ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு, முன் சாகுபடிச் சான்றுக்கான அரசாணையை வெளியிட வேண்டும்.