வேகம் கிடக்கட்டும், சூட்டைப் பாருங்க

2025-ல ஜெர்மனியோட கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்துல ஒரு வேலை பண்ணினாங்க. ஹேமடைட் படிகம் (அதாங்க, சாதாரண இரும்புத்தாது) மேல ரொம்பக் குட்டியான லேசர் துடிப்புகளை அடிச்சு, உள்ளே ஓடுற ஸ்பின் அலைகளோட அதிர்வெண்ணை 20 சதவீதம் வரைக்கும் மாத்திட்டாங்க. அதுவும் அறை வெப்பநிலையில. உடனே எல்லாரும் "டெராஹெர்ட்ஸ் வேகம்"னு கிளம்பிட்டாங்க. எனக்கென்னவோ விஷயம் அங்க இல்லைனு தோணுது.

ஸ்பின் அலைன்னா என்ன? காலை எட்டரை மணி ஆவடி லோக்கல்ல வாசல்ல ஒருத்தரை இடிச்சா, இடி அந்தக் கோடி வரைக்கும் போகும். ஆனா ஒருத்தரும் நின்ன இடத்தை விட்டு நகர மாட்டாங்க (நகர முடியாது!). படிகத்துல ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒண்ணு ஆடினா பக்கத்துல இருக்கறதும் ஆடும். 1930-லயே ஃபெலிக்ஸ் ப்ளாக் சொன்னதுதான். எலக்ட்ரான் ஓட வேண்டாம். ஓடலைன்னா மின்தடையால வர்ற சூடும் இல்ல.

சூடுதான் இங்க பிரச்சினையே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில இப்ப டேட்டா சென்டர்களா நிக்குது. கம்ப்யூட்டர் தின்னுற கரண்ட் போக, அதைக் குளிர வைக்கவே தனியா கரண்ட். அதுவும் நம்மூர் மே மாசத்துல.

1996-ல ஸ்ட்ராஸ்பர்க்ல நிக்கல் படலத்தோட காந்தத்தன்மையை லேசரால ஒரு பிக்கோ செகண்டுக்குள்ள குறைச்சுக் காட்டினாங்க. ஆனா அது லேசர் ஏத்தின சூட்டால. கான்ஸ்டன்ஸ்காரங்க சூட்டை நம்பல. அதிக அதிர்வெண் உள்ள அலைகளை ஜோடி ஜோடியா நேரடியாக் கிளப்பிவிட்டாங்க, மத்த அலைகள் தானா மாறிக்குச்சு. எனக்கு இதுதான் சேதி.

அந்த லேசர் மேஜை அளவு இருக்கும், அதுவே கரண்ட் குடிக்கும். சிப்புக்குள்ள வர ரொம்ப நாளாகும், ஒத்துக்கறேன். அதுக்காக நாம சும்மா இருக்கணுமா? படிகக் காந்தவியல் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லீங்க. வத்திராயிருப்புல பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் 1930-கள்லயே டாக்காவிலயும் கல்கத்தாவிலயும் படிகத்தை மெல்லிய இழையில கட்டித் தொங்கவிட்டு அதோட காந்தத்தன்மையை அளந்தவர். இன்னிக்கு அதே கொல்கத்தாவுல எஸ்.என்.போஸ் மையத்துல அஞ்சன் பர்மன் குழு ஃபெம்டோ செகண்ட் லேசரை வெச்சு ஸ்பின் அலைகளை ஆராயுது. நான் இ.சி.இ. படிச்ச நாலு வருஷத்துல ஒருத்தர்கூட இதையெல்லாம் வாய் திறந்து சொன்னதில்ல. ப்ளேஸ்மென்ட், கோடிங், அவ்ளோதான்.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு இந்த வருஷமும் தானியங்கி தண்ணித்தொட்டின்னு எழுதிக் குடுக்கப் போற தம்பி தங்கச்சிங்களா, அதுக்கு முன்னாடி கொல்கத்தாவுக்கு ஒரு மெயில் தட்டிப் பாருங்க.