வால்பாறைக் காட்டுக் கன்று சட்டியில் வளருமா?

ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப் பாதை தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் வால்பாறை.

விடுமுறை வந்தால் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போகிறார்கள். திரும்பும்போது தேயிலைத் தூள் வாங்கி வருகிறார்கள். சிலர் வேறு ஒன்றையும் கொண்டு வருகிறார்கள். காட்டு ஓரத்தில் பிடுங்கிய மரக் கன்று!

எதற்கு? "போன்சாய்" வளர்ப்பதற்கு.

போன்சாய் என்பது ஜப்பான்காரர்களின் கலை. சீனாவில் பிறந்து ஜப்பானுக்குப் போனது. பெரிய மரத்தைச் சிறிய சட்டியில் குட்டையாக வளர்ப்பார்கள். கிளையை வெட்டுவார்கள். கம்பி கட்டி வளைப்பார்கள். வேரையும் அவ்வப்போது கத்தரிப்பார்கள். ஒரு முழ உயரம்தான் இருக்கும். பார்த்தால் நூறு வயது ஆலமரம் போல நிற்கும்!

இந்தக் கலையில் வயதுக்குத்தான் மதிப்பு. விதை போட்டால் அடிமரம் பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். காத்திருக்க யாருக்குப் பொறுமை? மலையில் பாறை இடுக்கில், காற்றிலும் குளிரிலும் அடிபட்டு, தானாகவே குட்டையாகிப் போன மரம் கிடைத்தால்? பெயர்த்து எடுத்தால் போதும். ஐம்பது ஆண்டு வேலை ஒரே நாளில் முடிந்தது! இப்படி எடுப்பதை ஜப்பானில் "யாமதோரி" என்கிறார்கள். இந்த ஆசைதான் இப்போது நம் ஊருக்கும் வந்திருக்கிறது. நல்ல போன்சாய் மரம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை போகிறது அல்லவா?

ஆனால் வால்பாறைக் கன்றை எடுத்து வருகிறவர் ஏமாந்துதான் போவார்.

வால்பாறைக் காடு மழைக்காடு. அங்கே கன்றுகள் பெரிய மரங்களின் நிழலில், ஈரக் காற்றில் வளர்கின்றன. அதைக் கொண்டு வந்து கோவை வெயிலில், மொட்டை மாடியில் வைத்தால் என்ன ஆகும்? சில நாளில் இலை கருகும். பிறகு தண்டு காயும்.

கருங்குங்கிலிய மரத்தைப் பாருங்கள். இதன் பிசினையும் வீட்டில் புகை போடுவது உண்டு. இளம் கன்றின் தளிர் செக்கச் செவேல் என்று இருக்கும். காரில் போகிறவரின் கண்ணை இழுக்கும். ஆனால் அதன் இலைக் கொத்து ஒரு முழ நீளம்! ஒரு முழ மரத்தில் ஒரு முழ இலையா? போன்சாய்க்கு வேண்டியது சின்ன இலை.

சட்டம் என்ன சொல்கிறது?

வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1976-ல் சரணாலயம் ஆயிற்று. 2007-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. சரணாலயத்தில் அனுமதி இல்லாமல் செடி கொடியைப் பிடுங்குவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஒரு கன்றுதானே?" என்று வன இலாகாவிடம் சொல்ல முடியாது.

அந்த ஒரு கன்றின் கதையையும் கேளுங்கள்.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். வெள்ளைக்காரர் காலத்தில் காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் வைத்தார்கள். தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சி நிற்கிறது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரம் கூட ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது.

மிஞ்சிய துண்டுகளில்தான் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் அதற்கு முக்கியமான உணவு. இருவாச்சிப் பறவை காட்டுப் பழங்களைத் தின்று, விதைகளைத் தூரத்தில் போடுகிறது. அப்படி விழுகிற விதைகளில் மிகச் சிலதான் முளைக்கின்றன. முளைத்தவற்றில் மிகச் சிலதான் மரமாகின்றன. நாம் பிடுங்குவது அந்தச் சிலவற்றில் ஒன்று.

இதே வால்பாறையில், இதே போல் சாலை ஓரமாகத் தேடி அலைகிற வேறு சிலரும் உண்டு. அவர்கள் தேடுவது விதை. "இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை" என்ற அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானிகள் திவ்யா முடப்பாவும், டி.ஆர். சங்கர் ராமனும் இந்த வேலையைத் தொடங்கி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தார் ரோட்டில் விழுந்த விதை எப்படியும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போகிறது. அதைப் பொறுக்கி எடுத்து, பையில் மண் போட்டு, நாற்றங்காலில் முளைக்க வைக்கிறார்கள். தோட்டக் கம்பெனிகளின் சம்மதத்தோடு, பாழாய்ப் போன காட்டுத் துண்டுகளில் மழைக்காலத்தில் நடுகிறார்கள். எடுத்தது காட்டுக்கே திரும்பிப் போகிறது.

அப்படியானால் போன்சாய் ஆசைக்காரர் என்ன செய்வது? மலை ஏறவே வேண்டாம். கீழேயே நம் மரங்கள் இருக்கின்றன.

ஆல், அரசு, இத்தி மூன்றும் சட்டிக்கு ஏற்றவை. வெயில் தாங்கும். வெட்டினால் துளிர்க்கும். புளியும் நன்றாக வரும். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பார்கள். நம் குழம்பில் சேர்ந்த பிறகு அதை அன்னியன் என்று யார் சொல்வது?

பழைய வீட்டுச் சுவரையும் கிணற்றின் உட்புறத்தையும் பாருங்கள். பறவை போட்ட விதையில் இருந்து ஆலங்கன்று முளைத்திருக்கும். மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் பல ஆண்டு பட்டினி கிடந்து, அடி பருத்து, குட்டையாக நிற்கும். ஜப்பான்காரர் மலையில் தேடியது இதுதானே!

மழை தொடங்கும் சமயத்தில் எடுப்பது நல்லது. வேரை அறுக்காமல், சுற்றி உள்ள காரையை உளியால் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். வேரில் ஒட்டிய சுண்ணாம்பைக் கழுவிவிட்டு, கிளைகளைக் குறைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தண்டில் மிச்சம் இருக்கும் சத்தில்கூடத் துளிர் வரும். ஓர் ஆண்டாவது கம்பி கட்டாமல் விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும். எடுக்கும் முன் சுவரின் சொந்தக்காரரைக் கேளுங்கள். அந்தக் கன்றை விட்டால் வேர் அவர் சுவரைப் பிளந்துவிடும். கூலி கொடுத்து வெட்ட ஆள் தேடிக் கொண்டிருப்பார். உங்களுக்கு ஏணியும் கொடுத்து, காப்பியும் கொடுப்பார்.