தலைப்பு ஒட்டிய ஞாயிறுகள்

கத்தோலிக்கப் பங்குகளில் பல ஞாயிறுகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு, பாஸ்கா காலம் 4ஆம் ஞாயிறு என்று எண்ணால் வரும் பெயர் திருவழிபாட்டு நாள்காட்டி தருவது. மறைபரப்பு ஞாயிறு, இறையழைத்தல் ஞாயிறு, சமூகத் தொடர்பு ஞாயிறு, நீதி ஞாயிறு, தலித் விடுதலை ஞாயிறு என்பவை அந்த நாளின்மேல் ஏற்றிவைத்த பொருளால் வருபவை. பீடத்துக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் இரண்டாவது பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். வாசகநூலைத் திறப்பதோ முதல் பெயரைப் பார்த்து. இரண்டும் ஒன்றோடொன்று இசைந்துபோவது சில வாரங்களில்தான்.

சிறப்பு ஞாயிறுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. மூவொரு கடவுள், திருக்குடும்பம், ஆண்டவரின் திருமுழுக்கு, கிறிஸ்து அரசர் ஆகியவை நாள்காட்டியிலேயே இடம்பெற்ற விழாக்கள். அவற்றுக்குச் சொந்த மன்றாட்டுகளும் சொந்த வாசகங்களும் உள்ளன. மற்றவை 'உலக நாள்'கள். திருத்தந்தை சில மாதங்களுக்கு முன்பே ஒரு செய்தி வெளியிடுவார், ஆயர் சுற்றுமடல் அனுப்புவார். திருப்பலிப் புத்தகத்தில் அந்த நாளுக்கென்று தனிப் பக்கம் இராது. ஆனால் இந்த இரு வகைக்கும் நடுவே உள்ள கோடு அழியாத கோடு அல்ல. முதல் உலகப்போருக்குப் பின் எழுந்த சமயச்சார்பற்ற அரசுகளையும் வெறிகொண்ட தேசியத்தையும் கண்டு கலங்கித்தான் திருத்தந்தை 11ஆம் பயஸ் 1925 டிசம்பரில் கிறிஸ்து அரசர் விழாவை ஏற்படுத்தினார். அக்டோபர் கடைசி ஞாயிற்றில் இருந்த அது 1969இல் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கு மாறியபோது, அரசியல் வாசனை மெல்லக் குறைந்து, உலக முடிவில் வரும் அரசரைப் பற்றிய விழாவாயிற்று. ஒரு காலத்தின் கவலை விழாவாக முதிர்ந்ததற்கு அது நல்ல சான்று.

தலைப்பு ஞாயிறுகளில் மூத்தவற்றுள் ஒன்றான மறைபரப்பு ஞாயிற்றின் வரலாறு பணத்தில் தொடங்குகிறது. பிரான்சின் லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், பட்டாலைத் தொழிலாளரைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, வாரம் ஒரு சல்லிக்காசு வாங்கித் தொலைநாட்டு மறைப்பணிக்கு அனுப்பினார். 1822இல் உருவான விசுவாசப் பரப்புதல் சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. நூறு ஆண்டு கழித்து அது திருத்தந்தையின் நேரடிச் சங்கமானது. 1926இல் 11ஆம் பயஸ் அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிற்றை அதற்கென ஒதுக்கினார். அன்று எடுக்கும் காணிக்கை பங்கில் தங்காமல் முழுவதும் மேலே போக வேண்டும் என்பதால், பங்குத்தந்தையர் மறக்காமல் அறிவிக்கும் தலைப்பு இதுதான். காணிக்கை உறை இல்லாத தலைப்புகளுக்கு இந்த நினைவாற்றல் வாய்ப்பதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காலத்தில் பட்டியல் நீண்டது. 6ஆம் பவுல் 1964இல் இறையழைத்தலுக்கான மன்றாட்டு நாளை நல்லாயன் ஞாயிற்றோடு சேர்த்தார். சமூகத் தொடர்பு நாள் 1967 முதல் வருகிறது. சங்கத்தின் ஏடு ஒன்றே நேரடியாகக் கேட்டுக்கொண்ட உலக நாள் அது மட்டும்தான். 2ஆம் யோவான் பவுல் 2000 ஏப்ரல் 30 அன்று அருள்சகோதரி ஃபவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது பாஸ்காவின் 2ஆம் ஞாயிற்றை இறை இரக்க ஞாயிறு என்று அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸின் ஆண்டுகளில் வேகம் கூடியது. வறியோர் நாள் 2017, இறைவார்த்தை ஞாயிறு 2020, தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோர் நாள் 2021, குழந்தைகள் நாள் 2024. முதல் உலகப்போர்க் காலத்தில் இத்தாலியக் குடியேறிகளை நினைந்து தொடங்கிய புலம்பெயர்ந்தோர் நாளை 2019இல் செப்டம்பரின் கடைசி ஞாயிற்றுக்கு மாற்றியவரும் அவரே. குருத்து ஞாயிற்றில் இருந்த இளையோர் நாள் 2021இல் கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு வந்து சேர்ந்தது.

2024ஐ எடுத்துக்கொண்டால் நெரிசல் கண்ணுக்குத் தெரியும். ஜனவரி 21 இறைவார்த்தை, ஏப்ரல் 7 இறை இரக்கம், ஏப்ரல் 21 இறையழைத்தல், மே 12 சமூகத் தொடர்பு, மே 26 குழந்தைகள், ஜூலை 14 கடலோடிகளுக்கான கடல் ஞாயிறு, ஜூலை 28 முதியோர், செப்டம்பர் 29 புலம்பெயர்ந்தோர், அக்டோபர் 20 மறைபரப்பு, நவம்பர் 10 தலித் விடுதலை, 17 வறியோர், 24 இளையோர். நவம்பரில் மூச்சுவிட இடமில்லை. மே 12 இந்தியாவில் ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா; ஊரெங்கும் அன்னையர் தினமும் அதே நாள். விண்ணேறும் கிறிஸ்து, ஊடகம், அம்மா என்று மூன்றையும் பத்து நிமிட மறையுரைக்குள் அடக்க வேண்டிய நிலையில், பெரும்பாலான கோவில்களில் வெற்றி பெறுபவர் அம்மாதான். இவற்றோடு மறைமாவட்டம் சேர்க்கும் கல்வி ஞாயிறு, பெண்கள் ஞாயிறு, மறைக்கல்வி ஞாயிறு, தவக்காலத்தில் காரித்தாஸ் இந்தியாவின் பசி நோய் எதிர்ப்பு இயக்கம் என்று தனிக் கணக்கு ஒன்று ஓடுகிறது.

ஞாயிறு இப்படி இடம்கொடுத்துத் தேய்ந்தது முதல் முறையல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனிதர் விழாக்கள் மலிந்து, ஞாயிற்றுக்கு உரிய வழிபாட்டை பெரும்பாலான வாரங்களில் தள்ளிவிடும் அளவுக்குப் போயின. 10ஆம் பயஸ் 1911இல் நாள்காட்டியைத் திருத்தி ஞாயிற்றை மீட்டார். வத்திக்கான் சங்கம் 1963இல் ஞாயிற்றை முதன்மையான விழாநாள் என்று அறிவித்து, மிக முக்கியமானவை தவிர வேறெதுவும் அதை முந்தக் கூடாது என்றது. 1969இன் நாள்காட்டி நெறிகள், ஞாயிற்றின்மேல் வேறு கொண்டாட்டத்தை நிரந்தரமாக வைப்பதைக் கொள்கையளவில் விலக்கிவிட்டு, மேலே சொன்ன நான்கு விழாக்களைப் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தன. புனிதர்கள் காலி செய்த இடத்தில் இப்போது தலைப்புகள் குடியேறியிருக்கின்றன. ஆயர்களுக்கான சடங்குமுறை நூல் வகுத்த வழி தெளிவானது: முன்னுரை, பாடல், மறையுரை, மன்றாட்டு ஆகியவற்றில் தலைப்பு வரலாம், ஞாயிறு வழிபாடு இடம்பெயரக் கூடாது. பெருந்தேவை இருந்தால் ஆயரின் அனுமதியோடு வேறு திருப்பலிப் பாடம் பயன்படுத்தலாம். திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளில் அதற்கும் இடமில்லை.

இந்தக் கண்டிப்பின் காரணம் வாசகநூலில் இருக்கிறது. 1969 வரை ஆண்டுதோறும் அதே வாசகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அதன்பின் மூன்றாண்டுச் சுற்று வந்தது. முதல் ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, மூன்றாவது லூக்கா. பொதுக்காலத்தின் பெரும்பகுதியில் ஒரே நற்செய்தியாளரை அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு விவிலியத்தைத் தாமாக எடுத்து வாசிக்காத கத்தோலிக்கருக்கும் கிடைத்தது. சங்கத்துக்குப் பிந்தைய சீர்திருத்தங்களில் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாகச் சொல்வது கடினம். மாற்கு ஆண்டில் 17ஆம் ஞாயிறு முதல் 21ஆம் ஞாயிறு வரை ஐந்து வாரம் யோவான் 6ஆம் அதிகாரம் தொடர்ந்து வாசிக்கப்படுகிறது. அப்பம் பலுகுவதில் தொடங்கி, சீடர் பலர் முகம் சுளித்து விலகிப்போவதில் முடியும் நீண்ட வாக்குவாதம் அது. 2024 ஜூலை 28 அதன் முதல் வாரம். முதியோர் நாளும் அன்றே. ஆகஸ்டில் நீதி ஞாயிறும் விடுதலைப் பெருநாளும் வேறு உண்டு. ஐந்து வாரத்தில் இரண்டு வாரம் மறையுரை வேறு பக்கம் போய்விட்டால், சீடர்கள் ஏன் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது கேட்பவருக்குப் புரியாது.

தென்னிந்தியத் திருச்சபையின் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. அதன் ஆண்டு அல்மனாக்கில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. தலைப்புக்குப் பொருந்தும் வேதபாடங்களும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். அங்கே தலைப்பும் பாடமும் மோதிக்கொள்வதில்லை. கத்தோலிக்க முறையில் வாசகம் முன்னமே முடிவாகிவிட்டது. தலைப்பு பின்னால் வந்து கதவைத் தட்டுகிறது. இரண்டு முறைக்கும் ஆதாயமும் இழப்பும் உண்டு. தலைப்புக்காக வாசகம் தேடும்போது, எவரும் தேர்ந்தெடுக்கத் துணியாத பகுதிகள் காதில் விழாமலே போய்விடும்.

வாசகத்தோடு தானாகப் பொருந்தும் தலைப்புகளும் இருக்கின்றன. நல்லாயன் ஞாயிறு எனப்படும் பாஸ்காவின் 4ஆம் ஞாயிற்றில் மூன்று ஆண்டும் யோவான் 10ஆம் அதிகாரம்தான், மூன்று துண்டுகளாக; இறையழைத்தல் நாளுக்கு அதைவிடச் சரியான இருக்கை கிடையாது. லூக்கா ஆண்டில் பொதுக்காலம் 3ஆம் ஞாயிற்றில் வரும் நற்செய்தி, நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் சுருளை விரித்து வாசிப்பது. இறைவார்த்தை ஞாயிறு அங்கே ஒட்டுப்போட்டது போலத் தோன்றுவதில்லை.

பொருந்தாத இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது. முதல் வறியோர் நாள் 2017 நவம்பர் 19. மத்தேயு ஆண்டின் 33ஆம் ஞாயிறு. நற்செய்தி தாலந்து உவமை. ஒரு தாலந்து மட்டுமே வைத்திருந்தவனிடம் அதையும் பிடுங்கிப் பத்து வைத்திருப்பவனிடம் கொடுக்கும் தலைவனின் கதையை வறியோர் நாளில் வாசிப்பது தர்மசங்கடமானது. வசதியான வேறொரு வாசகத்தைத் தேடியிருக்கலாம். பிரான்சிஸ் அதைச் செய்யவில்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்தவன் தீமை ஒன்றும் செய்யவில்லை, நன்மை செய்யாமல் விட்டான். வறியோர் விஷயத்தில் நம் பெரும் பாவம் இந்தச் செய்யாமைதான் என்ற திசையில் மறையுரையைக் கொண்டுபோனார். பிறகு சுமார் 1,500 ஏழைகளோடு ஆறாம் பவுல் அரங்கில் மதிய உணவு உண்டார். உவமையை ஒதுக்கிவைத்து ஏழைகளைப் பற்றிப் பேசியிருந்தால் அந்த உரைக்கு அந்தக் கூர்மை வந்திராது.

பங்குகளில் நடைமுறை வேறு. தலைப்புக்குரிய குழு அந்த வாரத் திருப்பலியைப் பொறுப்பெடுக்கும். கல்வி ஞாயிறென்றால் ஆசிரியர்கள் வாசகம் வாசிப்பார்கள், பெண்கள் ஞாயிறென்றால் அன்பியத்துப் பெண்கள் மன்றாட்டு எழுதுவார்கள். இதில் நன்மை உண்டு. ஆண்டெல்லாம் கடைசி வரிசையில் நிற்பவர் ஒருநாள் வாசக மேடை வரை வருகிறார். காணிக்கைப் பவனியில்தான் கை மிஞ்சுகிறது. வலை, மண்வெட்டி, உலக உருண்டை, சமூகத் தொடர்பு நாளில் மடிக்கணினி என்று அடையாளப் பொருள்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒலிபெருக்கியில் விளக்கம் வாசிப்பார்கள். அப்பமும் இரசமும் ஏழைகளுக்கான பொருளும் கொடுத்துவிட்டுப் போகும் காணிக்கைகள். மடிக்கணினியோ திருப்பலி முடிந்ததும் உரியவரோடு வீட்டுக்குப் போய்விடும். அதைக் காணிக்கை என்று அழைப்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. விளக்க வாசிப்புக்குச் செலவான நேரத்தை மறையுரையிலோ நற்கருணை மன்றாட்டிலோ குறைத்து ஈடுகட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரை மிக நேராகத் தொடுவது நவம்பரின் 2ஆம் ஞாயிறு. இந்திய ஆயர் பேரவையும் இந்திய தேசியத் திருச்சபைகள் மன்றமும் 2007 முதல் சேர்ந்து கடைப்பிடிக்கும் தலித் விடுதலை ஞாயிறு அது. 1950 ஆகஸ்டு 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். அந்த நாளுக்கு அனுப்பப்படும் வழிபாட்டுக் குறிப்புகளில் அரசை நோக்கிய இந்தக் கோரிக்கைக்கு இடம் உண்டு. பங்குகளிலும் இதைத் தயக்கமில்லாமல் வாசிப்பார்கள். திருச்சபைக்கு உள்ளே இருக்கும் சாதி பற்றிய பகுதிக்குத்தான் குரல் தாழும். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, பாகுபாடு திருச்சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரும், 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலும் அந்த ஒப்புதலுக்கு முன்பே நாளேடுகளில் வந்தவை.

இந்த ஞாயிற்றைச் சில பங்குகள் அறிவிப்பே இல்லாமல் கடந்துவிடுகின்றன. ஊர் அமைதி கெடும் என்பது சொல்லப்படும் காரணம். ஆனால் தலைப்பை மறைத்தாலும் வாசகத்தை மறைக்க முடியாது. 2024 நவம்பர் 10, மாற்கு ஆண்டின் 32ஆம் ஞாயிறு. நீண்ட அங்கியோடு நடமாடி, சந்தையில் வணக்கமும் தொழுகைக்கூடத்தில் முதல் இருக்கையும் தேடி, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைப் பற்றியும், இரண்டு சிறு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைப் பற்றியும் நற்செய்தி பேசியது. தேர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெரு வரை போகும் என்று அடித்துக்கொள்ளும் ஊருக்கு வேறு பதாகை தேவையில்லை. அடுத்த ஆண்டு அதே ஞாயிறு நவம்பர் 9; உரோமையின் லாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழா பொதுக்கால ஞாயிற்றைத் தள்ளிவிட்டு வந்தது. அன்றைய நற்செய்தி, இயேசு கயிற்றுச் சாட்டையோடு கோவிலுக்குள் நுழைந்து மேசைகளைக் கவிழ்த்த பகுதி.